கரண்ட் போனால் வன்தட்டில் உடைவது என்ன? – ஒரு பி.காம். மாணவனின் கணினி வரலாறு



"வணிகவியல் படிக்கிற பையனுக்கு வன்தட்டு பற்றி என்ன தெரியும்?" என்று இன்ஜினியரிங் நண்பர்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். வன்தட்டு பிறந்ததே எங்கள் துறைக்காகத்தான்! உலகின் முதல் வன்தட்டோடு வந்த கணினியின் பெயரிலேயே 'அக்கவுண்டிங்' என்ற சொல் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவை எழுத எனக்கு முழு உரிமை உண்டு. :-)

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் திடீரென்று கரண்ட் போகிறது. திரும்ப வந்ததும் கணினி எழ மறுக்கிறது, அல்லது எழுந்து ஒரு ஃபைலைக் காணோம் என்கிறது. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றே: "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு." ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, உலோகம் கெட்டுப்போவது. இன்னொன்று, உலோகம் நன்றாக இருந்து அதன் மேல் எழுதியிருந்த கணக்கு கெட்டுப்போவது. முதல் நோயை ஒழிக்கப் பொறியாளர்களுக்குச் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. இரண்டாவது நோய்க்கு மருந்து வீட்டுக் கணினிக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அந்த மருந்தோ 500 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தது!

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு நோய்க்கான வைத்தியம் இன்னொரு நோயில் ஆளையே கொன்றுவிடும். அதனால்தான் இந்த வரலாறு.

1956: கணக்கு எழுதப் பிறந்த வட்டு

1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் 305 ராமாக் என்ற கணினியை அறிவித்தது. ராமாக் என்பதன் விரிவு 'ராண்டம் ஆக்சஸ் மெத்தட் ஆஃப் அக்கவுண்டிங் அண்ட் கண்ட்ரோல்'. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு இதன் வட்டை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்துக்கே அந்த இடம் போதாது. முதல் இயந்திரம் போனது எங்கே? சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காகித நிறுவனத்துக்கு.

அதற்கு முன் நிறுவனங்களின் கணக்குகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் இருந்தன. நாடாவில் கணக்கைப் புதுப்பிக்கும் முறையைத் தணிக்கைப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: தாத்தா–தந்தை–மகன் முறை. பழைய நாடாவைப் படித்து, இன்றைய வரவு செலவைச் சேர்த்து, புது நாடாவில் முழுவதும் எழுதுவார்கள். பழைய நாடா அப்படியே இருக்கும். நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய நாடாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். நேரம் போகும், கணக்கு போகாது.

வட்டு வந்ததும் நிலைமை மாறியது. வேண்டிய கணக்கை நேராகப் போய் எடுத்து, இருந்த இடத்திலேயே பழைய எண்ணின் மேல் புது எண்ணை எழுதிவிடலாம். அதுதான் அதன் மகிமை. ஆபத்தும் அதுவேதான். எழுதும் கணத்தில் கரண்ட் போனால் பழைய எண்ணும் இல்லை, புது எண்ணும் இல்லை!

கணக்குப் பதிவியல் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது என்ன? ஏட்டில் அழித்து எழுதாதே. தவறு நேர்ந்தால் திருத்தப் பதிவு போடு, பழைய வரி அப்படியே இருக்கட்டும். கணக்கு எழுதுவதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம் கணக்கரின் முதல் விதியையே மீறியது. இந்த மீறலின் விலையைத்தான் அடுத்த 40 ஆண்டுகளும் உலகம் கட்டியது.

அந்தக் கதைக்குப் போகும் முன் உலோகத்தின் கதையை முடித்துவிடுவோம்.

பறக்கும் தலை, விழும் தலை

வன்தட்டில் தரவைப் படிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை, அதன் மேல் மிதக்கிறது. ராமாக்கில் இந்த இடைவெளி சுமார் 20 மைக்ரான். தலையை மிதக்க வைக்க அழுத்தப்பட்ட காற்றை வெளியிலிருந்து செலுத்தினார்கள். 1961-ல் ஐபிஎம் அறிவித்த 1301 வட்டில் அந்தக் காற்று தேவைப்படவில்லை. தட்டு சுழலும் வேகத்தில் அதனோடு சேர்ந்து ஓடும் காற்றே தலையைத் தூக்கிப் பிடித்தது. விமானத்தின் இறக்கையைக் காற்று தூக்குவது போல. இடைவெளியும் சுமார் 6 மைக்ரானாகக் குறைந்தது.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. ஓடும் விமானத்தின் இன்ஜின் நின்றுவிட்டால்? கரண்ட் போனால் தட்டு மெதுவாகும், காற்று குறையும், தலை தரையிறங்கும். தரவு எழுதிய இடத்தில் முரட்டுத்தனமாக இறங்கினால் காந்தப் பூச்சு சுரண்டப்படும். இதற்குத்தான் 'ஹெட் கிராஷ்' என்று பெயர். அதனால் பழைய பெரிய வட்டுகளில் தட்டு நிற்பதற்கு முன் தலையைத் தட்டிலிருந்து வெளியே இழுத்துவிடும் அமைப்பு இருந்தது.

1973-ல் வந்த ஐபிஎம் 3340 இந்தச் சிக்கலை வேறு கோணத்தில் பார்த்தது. தலை இறங்குவதைத் தடுப்பானேன், இறங்கினாலும் அடிபடாமல் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். தலையின் எடையைக் குறைத்தார்கள், தட்டில் மசகு பூசினார்கள், இறங்குவதற்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். 30 மெகாபைட்டில் இரண்டு என்பது ஆரம்பத் திட்டம். 30-30 என்றதும் குழுத் தலைவர் கென் ஹாட்டனுக்கு அந்த எண்ணால் அறியப்பட்ட வின்செஸ்டர் துப்பாக்கி நினைவுக்கு வர, அதுவே வட்டுக்குச் செல்லப்பெயர் ஆனது. பிற்கால வன்தட்டுகள் எல்லாவற்றையுமே நெடுநாள் 'வின்செஸ்டர்' என்று அழைத்தார்கள்.

1980-ல் சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-506 வந்தது. ஐந்தேகால் அங்குலம், 5 மெகாபைட். 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி, 10 மெகாபைட் வன்தட்டோடு மேசைக்கு வந்தது. இந்த மலிவு வட்டுகளில் தலையை நகர்த்த ஸ்டெப்பர் மோட்டார் இருந்தது. கரண்ட் போனால் தலை எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும், அங்கேயே இறங்கும். கீழே உங்கள் கணக்கு இருந்தால் கணக்கின் மேல்தான் இறங்கும். ஆகவே கணினியை இடம் மாற்றுவதற்கு முன் 'பார்க்' என்ற கட்டளையை ஓட்டி, தலையை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுகிற மாதிரி.

ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பதில் 'வாய்ஸ் காயில்' என்ற காந்தச் சுருள் வந்தபோது அழகான ஒரு தீர்வும் வந்தது. கரண்ட் போன பிறகும் தட்டு சில விநாடிகள் சுழன்றுகொண்டுதானே இருக்கிறது? சுழலும் மோட்டாரையே டைனமோவாக மாற்றிவிட்டார்கள். அது உண்டாக்கும் சிறிய மின்சாரம் தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். சைக்கிள் டைனமோ விளக்கு எரிகிற அதே தத்துவம். பின்னர் தட்டின் விளிம்பில் ஒரு சிறிய சாய்தளம் வைத்து, தலையை அதில் ஏற்றி நிறுத்தும் முறை பரவலானது. இன்றைய வன்தட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதுதான்.

ஆக, கரண்ட் கட் ஆனதால் மட்டும் தலை தரவின் மேல் விழுந்து கீறுவது இன்று அபூர்வம். உலோக நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். முறையாக ஷட் டவுன் செய்யும்போது தலை நிதானமாக ஏறுகிறது. அவசரத்தில் வெடுக்கென்று இழுக்கப்படுகிறது. வட்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் எண்ணிக்கையும் அவசர இழுப்புக்குப் பல மடங்கு குறைவு.

பாதியில் நின்ற பேரேடு

இனி கணக்கு நோய். ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது வட்டில் ஒரே ஒரு இடத்தில் எழுதப்படுவதில்லை. 1977-ல் மைக்ரோசாஃப்டில் பிறந்து, பிறகு டாஸுக்கும் விண்டோஸுக்கும் அடிப்படையாக அமைந்த 'ஃபேட்' முறையை எடுத்துக்கொள்வோம். மூன்று வேலைகள் நடக்க வேண்டும்:

1. தரவைக் காலியான கட்டங்களில் எழுத வேண்டும்.
2. எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்ற அட்டவணையைத் திருத்த வேண்டும்.
3. ஃபைலின் பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவற்றைக் கோப்பகத்தில் பதிய வேண்டும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கரண்ட் போனால்? கட்டங்கள் 'எடுத்தாயிற்று' என்று அட்டவணை சொல்லும், ஆனால் யாருடையவை என்று எங்கும் இருக்காது. பற்று எழுதி வரவு எழுதாமல் விட்ட பதிவு போல. இருப்பாய்வு சமன் ஆகாது!

இதைக் கண்டுபிடிக்கத்தான் 'செக்டிஸ்க்'. அது முழுப் பேரேட்டையும் முதலிலிருந்து கடைசி வரை சரிபார்க்கும். அனாதைக் கட்டங்களைக் கண்டால் 'ஃபைல்0000.சிஎச்கே' என்பது போன்ற பெயரில் ஒரு ஃபைலாக்கி வைத்துவிடும். வணிகவியல் நண்பர்களே, இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம்முடைய அனாமத்துக் கணக்கேதான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது அதை ஒரு தனிக் கணக்கில் போட்டு இருப்பாய்வைச் சமன் செய்கிறோமே, அதே வேலை. செக்டிஸ்கின் நோக்கம் ஏட்டைச் சமன் செய்வது. உங்கள் ஃபைலை மீட்பது அல்ல. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டபோது இந்த நோய் முற்றியது. 1993 மார்ச்சில் வந்த எம்எஸ்-டாஸ் 6.0-ல் 'ஸ்மார்ட்டிரைவ்' என்ற இடைநினைவகம், எழுத வேண்டியதை உடனே வட்டில் எழுதாமல் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்துக்கொண்டது. திரையில் 'சி' பிராம்ப்ட் வந்துவிடும். வேலை முடிந்தது என்று நம்பி ஸ்விட்சை அணைத்தவர்களின் தரவு நடுவழியில் நின்றது. புகார்கள் குவிந்தன. அதே ஆண்டு இறுதியில் வந்த 6.2 பதிப்பில், எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகே பிராம்ப்ட் வரும்படி மாற்றினார்கள். 'ஸ்கேன்டிஸ்க்' வந்ததும் அந்தப் பதிப்பில்தான்.

விண்டோஸ் 95-ல் 'இப்போது கணினியை அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் ஒரு திரை வருமே, அது வெறும் மரியாதைக்கு அல்ல. அதுவரை ஏடு மூடப்படவில்லை என்பதுதான் பொருள். 1996-ல் வந்த அதன் இரண்டாம் திருத்தப் பதிப்பிலிருந்து, முறையாக அணைக்கப்படாத கணினி மறுபடி எழும்போது தானாகவே ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பித்தது. நம் அண்ணன் அக்காமார்கள் விண்டோஸ் 98-ல் பார்த்துப் பார்த்துச் சலித்த நீலத்திரை அதுவே. "நீங்கள் சரியாக அணைக்கவில்லை" என்று கரண்ட் கட்டுக்கு நம்மைத் திட்டும் திரை!

யூனிக்ஸ் உலகிலும் இதே கதைதான். அங்கே சரிபார்ப்பவர் பெயர் 'எஃப்எஸ்செக்'. வட்டு பத்து மெகாபைட்டாக இருந்தவரை சரிபார்ப்பு சில நிமிடம். வட்டுகள் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெரிதாகிக்கொண்டே போனபோது, ஒரு விநாடி கரண்ட் கட்டுக்கு மணிக்கணக்கில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு பதிவு விட்டுப்போனதற்கு வருடம் முழுவதற்குமான பேரேட்டைத் தணிக்கை செய்வது போல.

பேரேட்டுக்கு முன் குறிப்பேடு

இப்போது 1494-க்குப் போவோம். வெனிஸ் நகரில் லூக்கா பேசியோலி என்ற துறவி ஒரு கணித நூலை வெளியிட்டார். அதன் பெயரைச் சுருக்கி 'சும்மா' என்பார்கள், ஆனால் சும்மா எழுதிய புத்தகம் அல்ல. :-) அதில் வெனிஸ் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அவர் சொன்ன ஏடுகள் மூன்று. நடந்ததை நடந்தபடி கிறுக்கும் நினைவேடு, அதிலிருந்து முறைப்படி எழுதும் குறிப்பேடு, அதிலிருந்து எடுத்தெழுதும் பேரேடு. நம் ஊர் பழைய கடைகளில் சிட்டை, நாள்வழி, பேரேடு என்று இருந்ததும் இதே வரிசைதான்.

எதற்கு இரண்டு முறை எழுத வேண்டும்? பி.காம். முதல் ஆண்டில் நாம் எல்லோரும் அலுத்துக்கொண்ட கேள்வி இது. பேரேட்டில் ஒரு நடவடிக்கை இரண்டு மூன்று பக்கங்களில் சிதறி நிற்கும். குறிப்பேட்டில் முழு நடவடிக்கையும் ஒரே இடத்தில், தேதி வாரியாக இருக்கும். எடுத்தெழுதும்போது கணக்குப்பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டாலும், குறிப்பேட்டின் கடைசி சில வரிகளைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழுப் பேரேட்டையும் புரட்ட வேண்டியதில்லை.

இதே யோசனையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. ராமாக் பிறந்த அதே சான் ஹோசேயில், ஐபிஎம்மின் 'சிஸ்டம் ஆர்' தரவுத்தள ஆய்வில் 1970-களில் வேலை பார்த்தவர். ஒரு மாற்றத்தை அதன் இடத்தில் எழுதும் முன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று பதிவேட்டில் எழுதி அது வட்டில் சேர்ந்ததை உறுதி செய்துகொள், பிறகு மாற்றத்தைச் செய். இதுதான் விதி. 1981-ல் எழுதிய கட்டுரையில், இருந்த இடத்திலேயே மேலெழுதுவது கணக்கர்கள் நூற்றாண்டுகளாகக் காத்துவந்த மரபுக்கு விரோதம் என்பதை அவரே சுட்டிக்காட்டினார். 1998-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இந்த வரலாற்றில் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்கா சென்று ஐபிஎம்மில் சேர்ந்த சி. மோகன். அவரும் சகாக்களும் 1992-ல் வெளியிட்ட 'ஏரீஸ்' என்ற மீட்பு முறை, தரவுத்தளப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுவது. மின்தடைக்குப் பிறகு கணினி எழும்போது ஏரீஸ் மூன்று சுற்று வரும். முதலில் பதிவேட்டைப் படித்து எங்கே நின்றோம் என்று பார்க்கும். அடுத்து, நடந்த வரலாற்றை அப்படியே மறுபடி நடத்தும். கடைசியில் முடிவடையாத நடவடிக்கைகளைத் திருப்பும். திருப்பும்போதும் பழையதை அழிக்காது, எதிர்ப் பதிவு ஒன்றை எழுதி வைக்கும். திருத்தப் பதிவேதான்! மீட்பு வேலையின் நடுவில் இன்னொரு முறை கரண்ட் போனாலும் குழப்பம் வராது. நம் ஊர் மின்சாரத்தைத் தெரிந்தவருக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும் என்று நான் விளையாட்டாக நினைத்துக்கொள்வதுண்டு.

தரவுத்தளங்களில் இருந்த இந்தப் பழக்கம் சாதாரண ஃபைல் அமைப்புக்கும் பரவியது. ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் 1990-ல் ஜேஎஃப்எஸ் வந்தது. 1993-ல் விண்டோஸ் என்டியோடு என்டிஎஃப்எஸ் வந்தது. லினக்ஸுக்கு ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001 நவம்பரில் அதன் மைய நிரலில் சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்து, என்டிஎஃப்எஸ்ஸை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'ஜர்னலிங்'. ஆமாம், நம்முடைய ஜர்னலேதான். நீலத்திரை ஸ்கேன்டிஸ்க் நம் வாழ்விலிருந்து மறைந்ததற்குக் காரணம் மின்வாரியம் அல்ல, குறிப்பேடு!

2005-ல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அது இருந்த இடத்தில் மேலெழுதுவதே இல்லை. புதியதைக் காலி இடத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் சுட்டியை மட்டும் மாற்றும். பழைய நாடா, புது நாடா முறைக்கே திரும்பி வந்தாயிற்று, பார்த்தீர்களா?

குறிப்பேடு காப்பாற்றாதது

இவ்வளவு இருந்தும் கரண்ட் போனால் ஃபைல்கள் ஏன் காணாமல் போகின்றன? மூன்று காரணங்கள்.

ஒன்று, என்டிஎஃப்எஸ்ஸின் குறிப்பேட்டில் எழுதப்படுவது ஃபைலின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்கள்தான். உள்ளடக்கம் அல்ல. எக்ஸ்ட்3-ம் இயல்பான அமைப்பில் அப்படித்தான். அதனால் ஏடு சமனாக இருக்கும், ஆனால் ஃபைலைத் திறந்தால் உள்ளே காலியாக இருக்கலாம். 2009-ல் எக்ஸ்ட்4 புதிதாக வந்த சமயத்தில், கணினி திடீரென்று நின்ற பிறகு ஃபைல்கள் பூஜ்ய அளவில் கிடந்ததைப் பார்த்துப் பலர் அதிர்ந்தார்கள். பெரிய விவாதமே நடந்து, பிறகு திருத்தங்கள் வந்தன.

இரண்டு, வட்டுக்குள்ளேயே ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. "எழுதிவிட்டாயா?" என்று கேட்டால், தட்டில் எழுதாமலே "ஆச்சு" என்று சொல்லும். குறிப்பேட்டு முறையின் உயிரே வரிசைதான். அந்த வரிசையை இந்தப் பொய் குலைத்துவிடும். இதற்காகவே 'உள்ளிருப்பதை எல்லாம் தட்டில் கொட்டு' என்ற தனிக் கட்டளை இருக்கிறது. மென்பொருள் அதைச் சரியான நேரத்தில் அனுப்ப வேண்டும், வட்டும் அதை நேர்மையாக நிறைவேற்ற வேண்டும்.

மூன்று, எஸ்எஸ்டி. அதில் தலையும் இல்லை, தட்டும் இல்லை, ஆகவே கரண்ட் போனால் ஆபத்தும் இல்லை என்று நினைக்கத் தோன்றும். 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 15 எஸ்எஸ்டிகளில் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தார்கள். 13-ல் ஏதோ ஒரு கோளாறு வெளிப்பட்டது. எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஒரு பேரேடுதான். அதனால்தான் சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில், கரண்ட் போன பிறகு கடைசி வரிகளை எழுதி முடிக்க மின்தேக்கிகள் வைக்கிறார்கள்.

சரி, கரண்ட் போய் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

மேலே பார்த்த வரலாறு முழுவதும் இந்த வரிசைக்காகத்தான். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: உலோகமா, கணக்கா?

1. அவசரப்பட வேண்டாம். கரண்ட் திரும்பும்போது வரும் ஏற்ற இறக்கம் போனபோது நடந்ததை விடக் கெடுதலாக இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, நிலையானதும் போடுங்கள்.

2. காதைக் கொடுங்கள். வட்டு சுழலவே இல்லையா? கேபிள், எஸ்எம்பிஎஸ், வட்டின் கீழ் உள்ள சர்க்யூட் போர்டு ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். "அதே மாடல் போர்டைக் கழற்றி மாட்டினால் சரியாகும்" என்பது பழைய வைத்தியம். இன்றைய வட்டுகளில் அந்தந்த வட்டுக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சில்லில் இருப்பதால் பெரும்பாலும் பலிக்காது. 'டிக்.. டிக்..' என்று சீராகச் சத்தம் வருகிறதா? உடனே அணையுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தட்டு கீறப்படலாம். தரவு முக்கியம் என்றால் மீட்பு நிபுணரிடம்தான் போக வேண்டும்.

3. சத்தம் இயல்பாக இருந்து பயாஸில் வட்டு தெரிகிறது என்றால், வேறு எதையும் செய்வதற்கு முன் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்கள். வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு இது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். எண் 5, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். எண் 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். கரண்ட் கட்டுக்குப் பிறகு 197-ல் ஒன்றிரண்டு தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, பாதி எழுதி நின்ற செக்டாராக இருக்கலாம். மறுபடி எழுதினால் சரியாகிவிடும். நாளுக்கு நாள் கூடினால்தான் ஆபத்து. 199 கூடிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

4. எண்கள் மோசமாக இருந்தால் முதல் வேலை நகல் எடுப்பது. டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் வேறு வட்டுக்குப் பிரதி எடுத்து, சரிபார்ப்பு எதுவானாலும் அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

5. அதன் பிறகுதான் செக்டிஸ்க். முதலில் எந்த சுவிட்சும் சேர்க்காமல் ஓட்டுங்கள், பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. பிறகு 'எஃப்' சுவிட்ச் சேர்த்தால் சரிசெய்யும். 'ஆர்' சுவிட்ச் வட்டு முழுவதையும் படிக்க வைக்கும். சாகக் கிடக்கும் வட்டுக்கு அது மாரத்தான் ஓட்டம். ஆரம்பத்தில் சொன்னேனே, ஒரு நோயின் மருந்து இன்னொரு நோயில் கொல்லும் என்று, அந்த இடம் இதுதான். கணக்கு நோய்க்கான செக்டிஸ்கை உலோக நோய் வந்த வட்டில் ஓட்டினால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

6. "இந்த வட்டை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் பேரேட்டின் முதல் பக்கம் கிழிந்திருக்கும், மற்ற பக்கங்கள் உள்ளேதான் இருக்கும். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவவும் வேண்டாம்.

யுபிஎஸ் இருந்தால் மேலே உள்ள ஆறில் பலவற்றுக்கு வேலை இல்லை. படம் பார்ப்பதைத் தொடர்வதற்காக அல்ல, ஏட்டை மூடி வைக்கத் தேவையான ஐந்து நிமிடத்துக்காக. ஒரு மளிகைக் கடையின் கடன் பாக்கியும் ஜிஎஸ்டி கணக்கும் ஒரே ஒரு கணினியில் இருக்கிறது என்றால், அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பு யுபிஎஸ் விலையை விட அதிகம். வாரம் ஒரு முறை வெளி வட்டில் ஒரு நகல், அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது, இந்த இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. தாத்தா–தந்தை–மகன் முறை இன்றும் காலாவதி ஆகவில்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஸ்மார்ட் அறிக்கையில் எண் 192 என்று ஒன்று உண்டு. கரண்ட் திடீரென்று போய், தலை அவசரமாக இழுக்கப்பட்டது எத்தனை முறை என்ற எண்ணிக்கை அது. 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு பார்த்த மின்வெட்டில் ஓடிய பழைய கணினி ஏதாவது உங்கள் வீட்டிலோ, தெரிந்த ஆடிட்டர் ஆபீஸிலோ இன்னும் உயிரோடு இருந்தால் அதில் பாருங்கள். மின்வாரியம் எண்ணியதோ இல்லையோ, வட்டு ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கும்.

உங்கள் வட்டில் 192 எவ்வளவு காட்டுகிறது? பின்னூட்டத்தில் போடுங்கள். முதல் பரிசு யாருக்கு என்று பார்த்துவிடுவோம். :-)